உபவாசமும் சரீர சுகமும்: சில தவறான எண்ணங்கள்



உபவாசம் நமக்குப் புதிதல்ல. லெந்து நாட்களில் ஒரு வேளை ஆகாரத்தை விடுகிறவர்கள், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திற்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள், பெரிய வெள்ளியன்று மும்மணி தியான ஆராதனை முடிந்த பிறகே கஞ்சி குடிக்கிறவர்கள் நம் சபைகளில் உண்டு. மலையில் நம்மைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கும் இது பழகிய காரியமே. குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிற பூம்பாறையில் சஷ்டி, கார்த்திகை என்று விரதமிருக்கும் குடும்பங்கள் பல. இஸ்லாமிய நண்பர்கள் ரமலான் மாதம் முழுவதும் நோன்பிருக்கிறார்கள்.

இவற்றோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதை ‘இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்’ என்கிறார்கள்; நாம் இடைவெளி விரதம் என்று சொல்லலாம். தினமும் 16 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல், மீதி 8 மணி நேரத்திற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது ஒரு முறை. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் சாப்பிட்டு, இரண்டு நாள் மிகவும் குறைத்துக்கொள்வது இன்னொரு முறை. எடை குறையும், சர்க்கரை வியாதி நீங்கும், புற்றுநோய் அண்டாது என்று கைப்பேசியில் வருகிற செய்திகள் சொல்லுகின்றன. பக்திக்காக இருந்த உபவாசமும் உடம்புக்காக இருக்கிற இந்த விரதமும் பலர் மனதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. “எப்படியும் லெந்து நாள்தானே, சர்க்கரையும் சேர்ந்து இறங்கட்டும்” என்று நினைக்கிறவர்கள் உண்டு.

மலைக் கிராமங்களில் இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை நீங்கள் அறிய வேண்டும். பூம்பாறை கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெட்டிய வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த ஊரின் பெயரும் எங்கும் அறியப்பட்டது. அந்த வயல்களில் ஏறி இறங்கி, குனிந்து களை எடுத்து, மூட்டை சுமக்கிற ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆகாரத்தை மட்டும் விட்டுவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும். பட்டணத்தில் அது ஆட்டோவில் பத்து நிமிடத் தூரம். மலையில், இராத்திரி நேரத்தில், பனிமூட்டத்தில், வளைவான ரோட்டில் அது வேறு காரியம். ஆகவே இந்த இதழில் உபவாசத்தைப் பற்றிய சில தவறான எண்ணங்களை எடுத்து, உண்மை இன்னதென்று விளக்க விரும்புகிறோம்.

சாப்பிடாதபோது உடலில் நடப்பது என்ன?

நாம் சாப்பிடுகிற சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேருகின்றன. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அந்தச் சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் செலுத்துகிறது. மிஞ்சியதில் ஒரு பகுதி கல்லீரலில் சேமிக்கப்படுகிறது. நாம் தூங்கும்போதும் உபவாசிக்கும்போதும் கல்லீரல் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. அது ஏறக்குறைய ஒரு நாளைக்குப் போதும். அது குறையக் குறைய உடல் கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கிறது. இன்சுலின் தானாகவே குறைந்துகொள்வதால், ஆரோக்கியமான ஒருவருக்குச் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழ்வதில்லை. இந்த ஏற்பாடு மருந்து சாப்பிடுகிறவரிடம் அப்படியே நடப்பதில்லை.

தவறான எண்ணம் 1: “ஒரு வேளை விட்டாலே அல்சர் வந்துவிடும்.”

இது நம் ஊரில் பழைய பயம். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதை 1982-ல் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. இரண்டாவது, உடல்வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்குகிற வலி மாத்திரைகள். ஏற்கெனவே புண் இருக்கிறவருக்கு வெறும் வயிற்றில் எரிச்சலும் வலியும் அதிகரிக்கலாம். அவர் உபவாசிக்கும் முன் சிகிச்சை பெற வேண்டும். ஆனால் சுகமாயிருக்கிற ஒரு பெரியவர் 12 மணி நேரமோ 16 மணி நேரமோ ஆகாரமில்லாமல் இருப்பதால் மட்டும் புண் உண்டாவதில்லை. அப்படிப்பட்டவர்கள் பயப்படாமல் உபவாசிக்கலாம்.

தவறான எண்ணம் 2: “16 மணி நேரம் என்ற கணக்கில் தனிப்பட்ட சக்தி இருக்கிறது.”

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 116 பேரை வைத்து இதைச் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் மத்தியானம் 12 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டும் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, விரதமிருந்தவர்களுக்குக் குறைந்த எடை சராசரியாக ஒரு கிலோவுக்கும் குறைவு. இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

சீனாவில் குவாங்சோ நகரில் உடல் பருமனுள்ள 139 பேரை ஒரு வருஷம் கவனித்து 2022-ல் முடிவு சொன்னார்கள். எல்லாருக்கும் ஆகாரத்தின் அளவைக் குறைத்தார்கள். பாதிப்பேர் அதைக் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு 8 கிலோ குறைந்தது. நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். எடை குறைவதற்குக் காரணம் ஆகாரத்தின் அளவு குறைவதே. கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவது சிலருக்கு அளவைக் குறைக்க உதவுகிறது. அவர்களுக்கு அது நல்ல வழிதான்.

தவறான எண்ணம் 3: “அந்த எட்டு மணி நேரத்தில் எதையும் சாப்பிடலாம்; தேனும் டீயும் கணக்கில்லை.”

உபவாசத்தை முடித்தவுடன் வடை, பஜ்ஜி, கேசரி என்று ஒரே மூச்சில் சாப்பிட்டால், விட்டதெல்லாம் திரும்பி வந்துவிடும். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு இரத்தச் சர்க்கரை ஒரே ஏற்றமாக ஏறும். மலைத்தேன் மருந்து என்று எண்ணி வெந்நீரில் கலந்து குடிக்கிறவர்கள் பலர். ஒரு மேசைக்கரண்டி தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. இனிப்புப் போட்ட பால் டீயும் ஆகாரமே. நம் மலைப்பூண்டு நல்ல உணவு. ஆனால் வெறும் வயிற்றில் பூண்டு மென்றால் மாத்திரை தேவையில்லை என்று நினைப்பது சரியல்ல.

தவறான எண்ணம் 4: “உபவாசம் சர்க்கரை வியாதியைக் குணமாக்கும்.”

இதில் ஒரு பங்கு உண்மை இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2017-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்றில், சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷத்திற்கு உட்பட்ட, உடல் பருமனுள்ள நோயாளிகளுக்குச் சில மாதங்கள் மிகக் குறைந்த ஆகாரம் கொடுத்தார்கள். ஒரு வருஷம் முடிந்தபோது 100-க்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் வருஷத்தில் அது 36 ஆகக் குறைந்தது. அவர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தவில்லை. மருத்துவர் நிறுத்தச் சொல்லி, தொடர்ந்து பரிசோதித்துவந்தார்கள். எடையை மறுபடியும் ஏறவிட்டவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பி வந்தது. பருமனாக இருப்பவருக்கு எடை குறைவது மிகுந்த பலன் தரும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

தவறான எண்ணம் 5: “சர்க்கரை என்பது பருமனானவர்களின் வியாதி, ஆகவே எல்லாரும் சாப்பாட்டைக் குறைத்தால் போதும்.”

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1900-ம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். அங்குள்ள மருத்துவர்கள், மெலிந்த உடலும் சிறுவயதிலிருந்து போஷாக்குக் குறைவும் உள்ள சர்க்கரை நோயாளிகளை அமெரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பருமனானவர்களிடம் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்வதில்லை. இந்த மெலிந்தவர்களிடமோ இன்சுலின் சுரப்பதே குறைவாக இருந்தது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவு சம்மேளனம் இதை ‘ஐந்தாம் வகை’ நீரிழிவு என்று தனியாக ஏற்றுக்கொண்டது.

இந்த வகையினர் ஏழைகள். கூலி வேலை செய்கிறவர்கள். குழந்தைப் பருவத்தில் பசியை அறிந்தவர்கள். அவர்களுக்குத் தேவை நல்ல ஆகாரமும் அளவான மருந்தும். ‘சர்க்கரை இருக்கிறது, பட்டினி கிட’ என்று அவர்களிடம் சொல்லுவது, ஏற்கெனவே காலியான பானையிலிருந்து இன்னும் எடுப்பதற்குச் சமம். காலையில் ஒரு கிளாஸ் டீயோடு வயலுக்குப் போய், பதினொரு மணிக்கு முதல் சாப்பாடு சாப்பிடுகிற ஒரு தாயார், பெயர் தெரியாமலே வருஷக்கணக்காக இந்த இடைவெளி விரதத்தை இருந்துவருகிறார்.

நீண்ட நாள் அரைவயிற்றோடு இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டியது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடம் கொடாத 36 இளைஞர்கள், 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் பாதி ஆகாரத்தில் இருந்தார்கள். அவர்களில் பலர் பிரெத்ரன், குவேக்கர், மென்னோனைட் சபையார். யுத்தத்தில் பட்டினியால் மெலிந்தவர்களை எப்படிப் போஷித்து மீட்பது என்று அறிவதே அதன் நோக்கம். அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். சோர்வும் மனவருத்தமும் பிடித்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவாகவே இருந்தார்கள். கோடைகாலத்திலும் குளிரில் நடுங்கினார்கள். பூம்பாறைக் குளிரில் போதிய ஆகாரமில்லாதவர் படும்பாட்டை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தவறான எண்ணம் 6: “உபவாச நாளில் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு.” அல்லது, “சாப்பிடாத நாளில் மாத்திரையே வேண்டாம்.”

இரண்டும் தவறு. இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கின்றன. ஊசியில் போடும் இன்சுலினும் நாம் சாப்பிடவில்லை என்பதற்காகச் சும்மா இருப்பதில்லை. ஆகாரம் இல்லை, மருந்து மட்டும் வேலை செய்கிறது என்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. டப்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகள் உடலின் நீரைக் குறைப்பதோடு, நீண்ட உபவாசத்தில் இரத்தத்தில் அமிலம் சேரவும் வழி செய்யலாம்.

இன்சுலினை அடியோடு நிறுத்துவதும் ஆபத்தே. சிறுவயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலினாலேயே வாழ்கிறவர்கள் ஒரு நாள்கூட அதை முழுவதும் நிறுத்தக்கூடாது. சாப்பிடாவிட்டாலும் ஓர் அளவு இன்சுலின் வேண்டும். இல்லையேல் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்து வரும்.

ரமலான் நோன்பைப் பற்றி 2001-ல் 13 நாடுகளில் 12,000-க்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்வது, நோன்பு மாதத்தில் இன்சுலினாலேயே வாழும் முதல் வகையினருக்கு 4.7 மடங்கும், பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் அதிகமானது. அதற்குப் பிறகு இஸ்லாமிய மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் கலந்து, யார் நோன்பிருக்கலாம், யார் தவிர்க்க வேண்டும், மருந்தை எப்படி மாற்ற வேண்டும் என்று தெளிவான வழிமுறைகளை எழுதினார்கள். லெந்து நாட்களுக்கு முன் நம் சபைகளும் இதைப் பின்பற்றலாம்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பமானது முதல், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. மருந்து கொண்டுவருகிற சகோதரியிடமே “நான் உபவாசம் இருக்கப் போகிறேன், யாரைக் கேட்க வேண்டும்?” என்று சொல்லிவிடுங்கள்.

தவறான எண்ணம் 7: “தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் உடல் சுத்தமாகும், 16 மணி நேரத்தில் புற்றுநோய் அணுக்கள் அழியும்.”

உடலைச் சுத்தம் செய்வது சிறுநீரகமும் கல்லீரலும். அவற்றிற்குத் தண்ணீர் வேண்டும். மலையில் குளிர் இருப்பதால் தாகம் தெரியாது. வேலை செய்கிறவருக்கு நீர் குறைந்துகொண்டே போகும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளிகளுக்கு இது தலைசுற்றலையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கலாம்.

அணுக்கள் தங்கள் பழுதான பாகங்களைத் தாங்களே செரித்துப் புதுப்பிக்கும் விந்தையை ஈஸ்ட் நுண்ணுயிரில் ஆராய்ந்து விளக்கியதற்காக ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016-ல் நோபல் பரிசு பெற்றார். அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் மனிதர் இத்தனை மணி நேரம் சாப்பிடாமலிருந்தால் புற்றுநோய் குணமாகும் என்று அவர் காட்டவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவருக்குப் பலம் வேண்டும், ஆகாரம் வேண்டும்.

தவறான எண்ணம் 8: “மருத்துவரிடம் கேட்பது விசுவாசக் குறைவு.”

சபைகளின் ஒழுங்கே இதற்குப் பதில். கத்தோலிக்கத் திருச்சபை 18 வயதுக்குக் கீழானவர்களையும் 60-ம் வயதை எட்டுகிறவர்களையும் உபவாசக் கடமைக்கு உட்படுத்துவதில்லை. வியாதியஸ்தருக்கும் விலக்கு உண்டு. இஸ்லாமும் நோயாளிகளுக்கும் பிரயாணிகளுக்கும் விலக்கு கொடுக்கிறது. உபவாசத்தை ஏற்படுத்தியவர்களே பலவீனரை நினைத்துத்தான் ஏற்படுத்தினார்கள். ஆகாரத்தை விட முடியாதவர் தொலைக்காட்சியை விடலாம், காப்பியில் சர்க்கரையை விடலாம், கோபத்தை விடலாம்.

உபவாசம் இருக்கக்கூடாதவர்கள்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் பிள்ளைகள், மெலிந்த முதியவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், அடிக்கடி சர்க்கரை தாழ்கிறவர்கள், சிறுநீரக நோயாளிகள், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள். பிள்ளைகளுக்குக் காலை ஆகாரம் அவசியம் என்பதற்காகவே 2022 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கியது. காசநோயைக் குறித்தோ, ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு நம்மை யோசிக்கவைக்கிறது. நோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருட்கள் கூடுதலாகக் கொடுத்தபோது, அவ்வீட்டாருக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஆகாரமே அங்கே மருந்தாயிற்று.

அபாய அறிகுறிகள்

கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, கண் மங்குதல், பேச்சுக் குளறுதல், காரணமில்லாத கோபம், குழப்பம். மலையில் ஒரு முக்கியமான அடையாளம்: எல்லாரும் கம்பளி போர்த்தியிருக்கும் குளிரில் ஒருவருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டினால், உடனே சந்தேகப்படுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உபவாசத்தை அந்த நிமிடமே முடிக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் சோறோ இட்லியோ கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். சில மாத்திரைகள் ஒரு நாள் முழுவதும் வேலை செய்வதால், தெளிந்தவருக்கும் மறுபடி தாழலாம். ஆகவே அவரும் மருத்துவமனைக்கு வர வேண்டும். விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பதால் உபவாசம் முறிவதில்லை.

சபைகள் செய்யக்கூடியது

சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் முன்னதாக, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கண்டு கேட்டுக்கொள்ளும்படி பிரசங்க பீடத்திலிருந்து அறிவியுங்கள். உபவாசக் கூடுகை நடக்கும் இடத்தில் சர்க்கரைப் பொட்டலமும் தண்ணீரும், முடிந்தால் ஒரு சர்க்கரைப் பரிசோதனைக் கருவியும் வைத்திருங்கள். கூடுகையை முடிக்கும்போது எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்துக் கஞ்சியும் துவையலும் கொடுங்கள். சாப்பிட்டுவிட்டு ஜெபத்திற்கு வருகிறவரை யாரும் குறைவாகப் பேசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெட்கத்தினாலேயே பலர் ஆபத்தை வருவித்துக்கொள்கிறார்கள்.

ஏசாயா தீர்க்கதரிசியின் 58-ம் அதிகாரத்தை மறுபடியும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தேவன் விரும்பும் உபவாசத்தில், பசியாயிருக்கிறவனுடைய பங்கும் சேர்ந்திருக்கிறது. நம் பாட்டிமார் சோறு வடிக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பிடியரிசிக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். இந்த லெந்து நாட்களில் சுகமுள்ளவர்கள் ஒரு வேளையை விடும்போது, அந்த வேளையின் அரிசியையும் பருப்பையும் எடுத்துவையுங்கள். உங்கள் தெருவிலேயே காசநோய்க்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிட்டுக்கொண்டு அரைவயிற்றோடு இருக்கிற ஒரு வீடு இருக்கும். அது அங்கே போய்ச் சேரட்டும். நீங்கள் விட்ட ஆகாரம் அவர்களுக்குப் பலமாகும்.

மலையில் மருந்தோடும் பசியோடும் போராடுகிறவர்களை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.